எந்தச் சங்கம்?

அத்தியாயம் 14

பலகை மாட்டி ஏழு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் பூவத்தங்குடியில் படிக்கத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் செய்து முடித்துவிட்டார்கள்.

பலகையில் இருந்தவை இரண்டே சொற்கள்: சங்கப் பாடசாலை.

எழுதியவர் ஜெக்கரியா. வயது இருபத்துநாலு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த மிஷனரி. அவருக்குச் சங்கம் என்றால், ஜெபம் பண்ணித் தன்னை ரயிலேற்றி அனுப்பிய மிஷனரி சங்கம். பூவத்தங்குடிக்குத் தெரிந்த சங்கம் வேறு. கூலி நெல்லுக்காகக் கொடி பிடிக்கிற விவசாயத் தொழிலாளர் சங்கம்.

எட்டு மாதங்களுக்கு முன்பு கீழ்வேளூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர், நேரே டீக்கடைக்குப் போய், "நான் சங்கத்துலேருந்து வந்திருக்கேன்" என்றார். பெஞ்சில் பாதிப்பேர் எழுந்து போனார்கள். மீதிப்பேர் அவரை டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. இரண்டுக்கும் காரணம் விளங்காமல், 'முதல் நாளே எதிர்ப்பும் உபசரிப்பும் ஒருங்கே கண்டேன்' என்று ரிப்போர்ட் எழுதினார்.

"என்ன வேலையா வந்திருக்கீங்க?" என்றவர்களிடம் "ஊழியம் செய்ய" என்றார். அவர் ஊரில் அது கடவுளின் பணி. இந்த ஊரில் ஊழியம் என்பது மிராசுதார் பண்ணையில் வாயைத் திறக்காமல் உழைப்பது.

"அத ஒழிக்கணும்னுதான் நாம கொடி புடிக்கிறோம். இந்தப் புள்ள வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு அதையே தேடி வந்திருக்கு பாரு" என்று கீழத்தெரு பரிதாபப்பட்டது.

அந்தப் பரிதாபத்தில்தான் அம்சம் தன் வீட்டு முன்கொட்டாயை ஒழித்துக் கொடுத்தாள். கீற்றுக் கூரை, மண் சுவர், முன்னால் ஒரு பூவரச மரம். அங்கேதான் ஜெக்கரியா படுத்தார், எழுந்தார், பாடம் நடத்தினார். காலையில் முப்பது பிள்ளைகள். அறுவடை முடிந்த வயலின் தாளில் வாத்து மேய்க்கப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் படிப்பு. அம்சத்தின் மகள் வேம்பு எட்டாவது வரை படித்து நின்றவள்; சின்னதுகளுக்கு அவள்தான் டீச்சர். பிறகு கரண்டைக் காலில் அரிவாள் பட்டவர்களுக்கும் சேற்றுப்புண் வந்தவர்களுக்கும் டிங்க்சர். சாயங்காலம் பெண்களுக்குக் கையெழுத்துப் பழக்கம்.

முதல் நாள் அவர் கண்ணை மூடி, "ஆண்டவரே!" என்று உருக்கமாகக் கூப்பிட்டபோது, அம்சத்தின் கணவன் வீரையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான். மிராசுதாரை 'ஆண்டே' என்று கூப்பிட்டே வளர்ந்தவன். ஆண்டை எந்தப் பக்கமாக வருகிறார் என்று வாசலைப் பார்த்தான்.

சங்கத்து மாத ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் உண்டு: 'சத்தியத்தை விசாரித்தவர்கள் எத்தனை பேர்?' ஜெக்கரியா நேர்மையான பையன். சத்தியத்தை யாரும் விசாரிக்கவில்லை. ஆனால் "சாப்பிட்டீங்களா?", "எங்க கெளம்பிட்டீங்க?", "ஊருல அம்மா எப்படி இருக்காங்க?" என்று தினமும் ஊரே விசாரித்தது. யோசித்து யோசித்து, அறுபத்து மூன்று என்று போட்டார். சங்கத்தில் அதை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார்களாம்.

*

புதன்கிழமை விடிந்தபோது அம்சம் வீட்டை இரண்டாவது தடவையாக மெழுகிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வருகிறார். புதுச் சட்டம் வந்திருக்கிறது. மிராசுதார் மண்ணில் குடிசை போட்டிருக்கிற கூலியாட்களுக்கு, குடியிருக்கிற மனை அவர்களுக்கே சொந்தம். கீழத்தெருவில் பதினொரு வீடு. ஒவ்வொன்றையும் அளந்து, இன்னார் குடியிருப்பு என்று எழுதிக்கொண்டு போவார். அப்புறம் பட்டா.

"எங்கம்மா பொறந்த எடம் தம்பி இது" என்றாள் அம்சம், சாணிக் கையால் சுவரைக் காட்டி. "மூணு தடவ பிரிச்சுப் போட்டாங்க. ஒரு தடவ என் கல்யாணத்துக்கு மொத நாளு. கொட்டாயப் பிரிச்சுக்கிட்டுப் போடான்னு மிராசுதாரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இனிமே சொல்ல முடியாதுல்ல?"

"முடியாது அக்கா. சட்டம்லா."

"கைநாட்டு வைக்க மாட்டேன். கையெழுத்துதான்." அடுப்படிச் சுவர் முழுக்கக் கரியால் அம்சம், அம்சம், அம்சம் என்று இருந்தது. முதல் மாதத்து அம்சத்துக்குக் கால் கோணல். இந்த மாதத்து அம்சம் நிமிர்ந்து நின்றது.

வீடு அவள் பேரில்தான் எழுத வேண்டும். அம்மா வழி வந்த வீடு. வீரையன் இங்கே வந்து சேர்ந்த மாப்பிள்ளை.

"ஆர்.ஐ. ஏதாவது கேட்டா நீ வாயத் தொறக்காத" என்று கணவனிடம் சொன்னாள்.

"ஆமா" என்றான் வீரையன். யார் எதைச் சொன்னாலும் அவன் சொல்வது அது ஒன்றுதான். நாற்பது வருடம் பண்ணையில் இருந்தவன். மிராசுதார் வெயிலை மழை என்றால் அதற்கும் ஆமாங்க.

ஒன்பது மணி வாக்கில், தெருமுனைக் கொடிமரத்தடியில், தபால்காரர் ஒரு கார்டை நீட்டினார். விலாசம்: 'ஊழியர், சங்கப் பாடசாலை, பூவத்தங்குடி.' சங்கம் என்ற சொல்லைப் பார்த்ததும் தபால்காரர் கொடுக்கிற ஒரே ஆள், தொழிலாளர் சங்கத்துக் கிளைச் செயலாளர் சாமிதுரை. அம்சத்தின் தம்பி. வாரம் ஒருமுறை மேடையேறி, 'கடைசிச் சொட்டு ரத்தம் உள்ளவரை' என்று கர்ஜிப்பவன். வீட்டில் பல் குத்தி ரத்தம் வந்தால் படுத்துக்கொள்வான்.

கார்டில் நாலு வரி இருந்தது; ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததை அவன் படிக்கவில்லை.

'வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பது பேர் லாரியில் வருகிறோம். கல் தயார். நமது சங்கத்தின் பெயர் அங்கே என்றும் நிலைக்க வேண்டும். இப்படிக்கு, செயலாளர்.'

சாமிதுரை கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டான். நாற்பது பேர். லாரி. கல்.

"மாவட்டக் கமிட்டி நம்மள ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்று கொடிமரத்தைக் கேட்டான். பிறகு கார்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டான். அன்று முழுக்க அந்தக் கையை எடுக்கவில்லை. நெஞ்சுவலியா என்று மூன்று பேர் விசாரித்தார்கள்.

*

ஆர்.ஐ. நடராசன் பதினோரு மணிக்குச் சங்கிலியோடு வந்தார். அளக்கிற சங்கிலி. கூடவே மிராசுதார் அமிர்தலிங்கமும் வந்தார்.

அமிர்தலிங்கம் முன்பு கதர் உடுத்தியவர். ஆட்சி மாறிய மறுவாரம் வேட்டிக்குக் கரை மாறியது. கரையோடு பேச்சும் மாறிவிட்டது. இப்போதெல்லாம் வீட்டில் மோர் கேட்பதைக்கூட மேடையில் கேட்பது போலத்தான் கேட்கிறார் என்று அவர் மனைவி மங்களாம்பிகை கோயிலில் சொல்லிக் குறைப்பட்டாள்.

"அன்புத் தாய்மார்களே!" என்று எட்டுத் தாய்மார்களையும் இரண்டு ஆடுகளையும் பார்த்துக் கும்பிட்டார். "நிலம் கொடுத்தவன் நான். நிழல் கொடுத்தவன் நான். இன்று நெஞ்சையும் கொடுக்க நிற்கிறேன்!"

"மனையைக் குடுத்தாப் போதும்" என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. அமிர்தலிங்கம் அதைக் கைதட்டலாக ஏற்றுக்கொண்டார்.

பத்து வீடுகள் மளமளவென்று முடிந்தன. மிராசுதார் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. புன்னகையோடு நின்றார். பதினோராவது வீட்டுக்கு வந்ததும் புன்னகை கொஞ்சம் அகலமாயிற்று.

"இது வீடு அல்ல, ஐயா" என்றார். "பலகையைப் படியுங்கள்."

ஆர்.ஐ. படித்தார். "சங்கப் பாடசாலை."

"குடியிருப்புக்குத்தானே பட்டா? பாடசாலைக்கும் சங்கத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டா?"

அம்சம் முன்னால் வந்தாள். "நாங்க குடியிருக்கோமுங்க. உள்ள வந்து பாருங்க. அடுப்பு இருக்கு, பானை இருக்கு, பாயி இருக்கு."

ஆர்.ஐ. வழக்கப்படி ஆம்பிளையைத் தேடினார். வீரையன் பூவரச மரத்துக்குப் பின்னால் பாதி தெரிந்தான்.

"நீதான் வீட்டுக்காரனா? இது உன் வீடா?"

"ஆமாங்க."

அம்சத்துக்கு மூச்சு வந்தது.

"சங்கத்துக் கட்டடம்னு சொல்றாங்களே?"

"ஆமாங்க."

"ஏதாவது ஒண்ணு சொல்லுய்யா. வீடா, சங்கமா?"

"ஆமாங்க" என்றான் வீரையன்.

ஆர்.ஐ. பேனாவை மூடினார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"எந்தச் சங்கம் அது?" என்றார். "இங்க தொழிலாளர் சங்கத்துக்கு யாரு?"

சாமிதுரை பையின் மேல் கையோடு வந்தான். சங்கம், ஆர்.ஐ., விசாரணை. கார்டு விஷயம் அதற்குள் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது என்று அவனுக்குத் தோன்றியது.

"எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லீங்க" என்றான் அவசரமாக. "யாரு வர்றா, எப்ப வர்றா, ஒண்ணும் தெரியாது!"

"யாரு வர்றா?"

"யாரும் வரலீங்க!"

"அப்ப இது வேற சங்கம்" என்று ஆர்.ஐ. திரும்பினார்.

ஜெக்கரியா சாக்பீஸ் கையோடு நின்றிருந்தார். அமிர்தலிங்கம் துண்டுக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். மிஷனரி சங்கத்து மாதப் பத்திரிகை. போன மாதம் ஜெக்கரியாவே, ஊர்ப் பெரியவருக்கு மரியாதை என்று அவர் வீட்டுக்குப் போய் இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு வந்தது.

"வாசிக்கட்டுமா?" என்று கேட்டு, அனுமதிக்குக் காத்திராமல் வாசித்தார். "'சோழ நாட்டின் நடுவே நமது சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் எழும்பி நிற்கிறது.' படமும் இருக்கிறது."

படம் எடுத்த கீழ்வேளூர் ஸ்டூடியோக்காரர் தரையில் படுத்துக்கொண்டு எடுத்திருந்தார். அதில் அம்சத்தின் கொட்டாய் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. ஆர்.ஐ. படத்தைப் பார்த்தார், கொட்டாயைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இத எழுதுனது நீங்கதானா?"

வீடு என்று சொன்னால், பத்திரிகையில் எழுதியது பொய். கட்டடம் என்று சொன்னால், அடுப்படிச் சுவரில் நிமிர்ந்து நிற்கும் அந்த அம்சத்துக்கு எழுத இடமில்லை. ஜெபம் செய்யலாமா என்று பார்த்தார். கண்ணை மூடினால் வீரையன் எழுந்து நிற்பான்.

"சார்" என்றாள் வேம்பு மெதுவாக. "பிள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்கிதுங்க."

முப்பது பிள்ளைகள். காலையில்தான் அவர்களுக்கு, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்று பாடம் எடுத்திருந்தார்.

"அது பொய்" என்றார் ஜெக்கரியா. பிரசங்கக் குரலில் சொல்ல முயன்றார், வரவில்லை. "சங்கத்துக்கு இங்க ஒரு செங்கல் கிடையாது. இது அக்கா வீடு. நான் பெருசா எழுதிப்புட்டேன்."

ஆர்.ஐ. முகத்தில் முதல்முறையாக அலுப்புக் குறைந்தது. "அப்ப நீங்க இங்க யாரு?"

"நான் ஊழியம் பண்ணுதேன்."

"யாருக்கு?"

ஜெக்கரியா வானத்தைப் பார்த்தார். அந்தப் பெயரைச் சொல்வதற்குள் அம்சம் புகுந்துவிட்டாள்.

"எங்களுக்குத்தாங்க! எங்க வீட்டுல இருந்துக்கிட்டு எங்களுக்குத்தான் பண்ணுது அந்தத் தம்பி. வேற யாருக்கும் இல்ல. வேணும்னா எழுதிக்குங்க."

ஆர்.ஐ. எழுதினார். எழுதியதை வாய்விட்டுச் சொன்னார்: "குடியிருப்பவர், அம்சம். உடனிருப்பவர், ஜெக்கரியா. மேற்படியாரிடம் ஊழியம்."

அமிர்தலிங்கம் கையை உயர்த்தினார். இந்தத் தடவை அலங்காரம் எதுவும் இல்லாமல் சொந்தக் குரலில் பேசினார்.

"சட்டம் விவசாயக் கூலிக்குத்தானே? சொந்தமா ஊழியக்காரன் வெச்சிருக்கிறவ எப்படிங்க கூலியாவா? அதுவும் சிலேட்டும் பொஸ்தகமுமா படிச்ச ஆளு. எங்க வீட்டுலயே அப்படி ஒரு ஆளு கெடையாது."

அம்சம் ஆர்.ஐ.யின் பேனாவைப் பார்த்தாள்.

ஆர்.ஐ. எழுதியதை அடித்தார். அடித்ததைப் பார்த்தார். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்தார்.

"இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திரும்ப வர்றேன். இது எங்களோடதுன்னு எந்தச் சங்கமும் வந்து நிக்கலேன்னா, உன் பேருல எழுதிடுறேம்மா. வந்து நின்னா, விசாரணைதான். அது எத்தன வருஷம் போவும்னு எனக்கே தெரியாது."

பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள், கைநாட்டு வைத்தார்கள். அம்சம் பேனாவைப் பிடிப்பதற்காக விரலைத் துடைத்து வைத்திருந்தாள். அதை முந்தானையில் மறுபடியும் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

நாலு மணிக்கு ஜெக்கரியா பலகையைக் கழற்றினார். மாட்டும்போது ஏணி தேவைப்பட்டது. கழற்றுவதற்கு முக்காலியே போதுமானதாக இருந்தது.

"யாரும் வர மாட்டாவ அக்கா" என்றார், இரண்டையும் உள்ளே கொண்டுவந்து வைத்து. "சங்கத்து ஆளுகளுக்கு இந்த ஊரு எங்க இருக்குன்னே தெரியாது. வெள்ளிக்கெழம உங்க பேருல எழுதிருவாவ."

அம்சம் முறத்தை எடுத்தாள். அரிசி புடைக்கிற வேகத்தில் அவள் கோபம் தெரிந்தது.

அப்போதுதான் சாமிதுரை உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"தோழர், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க படிச்சவரு. கமிட்டியிலேருந்து ஒரு கடுதாசி. நாப்பது பேரு கல்லோட வர்றாங்களாம். நான் உடம்பு சரியில்லன்னு பதில் எழுதினா ஒத்துக்குவாங்களா?"

கார்டு வியர்வையில் நனைந்திருந்தது. ஜெக்கரியா பிரித்தார். கையெழுத்தைப் பார்த்ததும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது உங்க சங்கம் இல்ல. எங்க சங்கம்."

"அப்பாடா!" என்றான் சாமிதுரை. உடனே, "ஒங்க சங்கத்துலயும் கல்லெறிவாங்களா?" என்றான்.

"எறியுற கல்லு இல்ல. கல்வெட்டு." அவர் குரல் எங்கோ போயிருந்தது. "கட்டடத்துல பதிக்குறதுக்கு. சங்கத்துப் பேரு, செயலாளர் பேரு எல்லாம் செதுக்கி... பத்திரிகையில படத்தைப் பாத்துட்டு தெறப்பு விழாவுக்கு வாராவ. வெள்ளிக்கெழம. பத்து மணிக்கு."

முறம் நின்றது.

"தந்தி அடிப்போம் சார்" என்றாள் வேம்பு. "கீழ்வேளூர் தபாலாபீஸ் அஞ்சு மணி வரைக்கும் உண்டு."

"தந்தி போறதுக்குள்ள லாரி கெளம்பியிருக்குமே. வழியில ரெண்டு ஊர்ல ஜெபக்கூட்டம்னு ஓரத்துல எழுதியிருக்காவ."

"அப்ப முக்குலயே மறிச்சு விஷயத்தச் சொல்லித் திருப்பிடுவோம்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, முக்கு வரைக்கும் பார்த்துவிட்டு வருவதாகப் போனாள். பத்து நிமிடத்தில் திரும்பினாள். ஓடி வந்திருந்தாள்.

"மறிக்க முடியாதும்மா. முக்குல மிராசுதாரு ஆளுங்க மூங்கில் நடுறாங்க. வாழமரம் வந்து எறங்கியிருக்கு. துணியில 'சங்கத்தாரே வருக வருக'ன்னு எழுதிக்கிட்டிருக்காங்க. மேளம் சொல்லியாச்சாம்."

எல்லோரும் கார்டைப் பார்த்தார்கள். கார்டு என்பது மூடி ஒட்டாத கடிதம். தபால்காரர் வருகிற வழியில் முதல் வீடு மிராசுதாருடையது. அவருக்குத் தினமும் பேப்பரை வாசித்துக் காட்டுகிறவரும் அதே தபால்காரர்தான்.

அதுவரை பதினோராவது வீட்டுக்கு மட்டும் மிராசுதாரின் புன்னகை ஏன் அகலமாயிற்று என்று யாருக்கும் புரியாமலிருந்தது.

ஜெக்கரியா எழுந்தார். கொடியில் கிடந்த ஜிப்பாவை எடுத்து மடித்தார். அதன் கைகளை உள்ளே வைத்து மடிப்பதா வெளியே வைத்து மடிப்பதா என்று தெரியாதவர் போல இரண்டு தடவை பிரித்து மடித்தார்.

"நான் வந்ததுதான் தப்பு" என்றார். "என்ன செய்ய வந்தேன்னு எனக்கே இப்ப வெளங்கல. நான் இல்லேன்னா பலகை இல்ல, பத்திரிகை இல்ல, கல்லும் இல்ல. நான் இப்பமே கெளம்பிட்டா எல்லாம் சரியாப் போயிரும். என்ன அண்ணாச்சி?"

கேட்டது வீரையனை. மூலையில் குந்தியிருந்தவன் தலையை நிமிர்த்தினான். அடுத்து என்ன வரும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்லைங்க" என்றான் வீரையன்.

சொன்னது அவன்தானா என்று சாமிதுரை திரும்பிப் பார்த்தான்.

"இல்லைங்க" என்றான் மறுபடியும். சொல் பழக்கமில்லாததால் கொஞ்சம் சத்தமாகவே வந்தது. "நாப்பது பேரு வந்து எங்களுதும்பாங்க. மிராசுதாரு ஆமாம்பாரு. எங்களுது இல்லேன்னு சொல்றதுக்கு அந்தச் சங்கத்துல ஒரு ஆளு வேணாமுங்களா? நீங்க போவக் கூடாதுங்க."

அம்சம் முறத்தைக் கீழே வைத்தாள். கணவனை, முதல்தடவை பார்ப்பது போல மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இந்த வார்த்தைய" என்றாள், "மத்தியானம் சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்ப?"